திங்கள் காலைக்குள் ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள், தம்பி கையெழுத்து வைக்கலாமா?

36ஆம் ஒழுங்கை அக்கா
வெள்ளி, இரவு 9.40

வணக்கம். அவசரத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறான். ஆறு வருஷம் முடிந்து இரண்டு மாதம். இன்று பின்னேரம் நாலரைக்கு, பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுகிற நேரத்தில் எச்ஆர் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேசையில் ஆங்கிலத்தில் அடித்த கடிதம் ஒன்று. "தனிப்பட்ட காரணங்களுக்காக" இவனே விலகுவதாகவும், இனி நிறுவனத்திடம் எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் எழுதியிருந்ததாம். பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் போட்டிருக்கிறது, தேதி மட்டும் காலி. பேனையை மூடி கழற்றியே வைத்திருந்தார்களாம்.

வேலை குறைந்துவிட்டது, உன் பெயர் கெடாமல் போக ஒரு வழி தருகிறோம், எல்லாம் சேர்த்து இரண்டு மாதச் சம்பளம் தருவோம் என்று சொன்னார்களாம். இவன் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான். திங்கள் காலை பதில் வேண்டுமாம்.

அம்மா, கம்பெனியோடு கொழுவ வேண்டாம், தருவதை வாங்கிக்கொண்டு வேறு இடம் பார் என்கிறா. எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் சட்டமும் தெரியாது. அங்கே 23 பேர் வேலை செய்கிறார்கள். சம்பளம் 85,000, பேசிக் 50,000, அலவன்ஸ் 35,000. ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎஃப்) பேசிக்கில் மட்டும்தான் கட்டுகிறார்கள். கையில் இருப்பது ஆரம்பத்தில் கொடுத்த மூன்று மாத புரொபேஷன் கடிதம் மட்டும், அதன் பிறகு ஒன்றும் தரவில்லை.

தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

141 பஸ்
வெள்ளி, இரவு 9.52

கையெழுத்து வேண்டாம். விளக்கம் பிறகு சொல்கிறேன், முதலில் அதை மட்டும் தம்பிக்குச் சொல்லுங்கள்.

சின்னக்கடை முதலாளி
வெள்ளி, இரவு 10.15

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேச முன்னர் நான் மற்றப் பக்கத்தைச் சொல்கிறேன். எனக்கு வெள்ளவத்தையில் துணிக்கடை இருக்கிறது. வியாபாரம் விழுந்தால் ஆட்களைக் குறைக்கத்தான் வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் மோசமில்லை, பல இடங்களில் அதுவும் இல்லை. வழக்கு என்று போனால் வருஷக்கணக்கு. கொழும்பு சின்ன ஊர் தங்கச்சி, அடுத்த இடத்தில் விசாரித்தால் "அவன் வழக்குப் போட்டவன்" என்பார்கள். அம்மா சொல்வதில் அனுபவம் இருக்கிறது.

பழைய கந்தோர்
வெள்ளி, இரவு 11.30

ஓய்வுபெறும்வரை தொழில் திணைக்களத்தில் இருந்தவன். நான் வழக்கறிஞன் இல்லை. பல நூறு விசாரணைகளில் உட்கார்ந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

பிள்ளை, முதலில் அந்தக் கடிதம் என்னவென்று பார்ப்போம். இரண்டு மாதச் சம்பளம் என்றால் 170,000. "எல்லாம் சேர்த்து" என்கிறார்கள், அந்தச் சொல்லை இரண்டு தரம் வாசியுங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் முடித்த ஒருவருக்கு, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேர வேண்டும். அவராகவே விலகினாலும் சேரும், அவர்கள் நிறுத்தினாலும் சேரும். உங்கள் தம்பியின் பேசிக்கை மட்டும் எடுத்தாலும் 25,000 ஆறு தரம், அதாவது 150,000. ஆக அவர்கள் புதிதாகத் தருவது இருபதாயிரம் ரூபாய். ஆறு வருஷ வேலையை விட்டுப் போக இருபதாயிரம். மற்றதெல்லாம் தம்பியின் சொந்தக் காசு.

அடுத்தது, ஏன் தம்பியின் கையெழுத்து இவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று உண்டு, வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம். நாங்கள் கந்தோரில் அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'டேவா' (TEWA) என்போம். முந்திய ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில், பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் இரண்டே வழி. ஒன்று அவரது எழுத்துமூலச் சம்மதம், மற்றது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. வேலை குறைந்துவிட்டது என்பது ஒழுக்காற்றுக் காரணம் அல்ல. ஆணையாளரிடம் போனால் விசாரணை நடக்கும், கணக்குப் புத்தகம் காட்ட வேண்டும், நட்டஈடு தீர்மானிக்கப்படும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் சட்டப்படி செல்லாது. ராஜினாமாக் கடிதம் வந்துவிட்டாலோ, இது எதுவும் தேவையில்லை. அவனே போனான், முடிந்தது.

அந்த நட்டஈட்டுக்கு வர்த்தமானியில் ஒரு சூத்திரம் இருக்கிறது. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறிலிருந்து பதினான்காம் வருஷம் வரை வருஷத்துக்கு இரண்டு மாதம், அதன் பிறகு குறைந்துகொண்டு போகும். உச்சவரம்பு 25 இலட்சம். 2021க்கு முன் அது 12 இலட்சத்து 50 ஆயிரமாக இருந்தது. தம்பிக்கு ஆறு வருஷம் என்றால் 12.5 மாதமும் 2 மாதமும், மொத்தம் 14.5 மாதம். 85,000 என்று வைத்தால் 1,232,500 ரூபாய். கம்பெனிக்காரர் பேசிக்கில் மட்டும் கணக்கிடச் சண்டை பிடிப்பார்கள், அப்படிப் பிடித்து வென்றாலும் 725,000. பணிக்கொடை இதற்கு வெளியே, தனி.

இப்போது அந்த மூடி கழற்றின பேனை ஏன் என்று புரியும்.

36ஆம் ஒழுங்கை அக்கா
வெள்ளி, இரவு 11.48

ஐயா, தம்பி பக்கத்தில் இருந்து வாசித்தான். 14.5 என்ற இடத்தில் நிறுத்தி, ஃபோன் கல்குலேட்டரில் தானும் ஒரு தரம் போட்டுப் பார்த்தான்.

ஒரு கேள்வி. நியமனக் கடிதம் சரியாக இல்லாதபடியால் இவன் நிரந்தரம் இல்லை என்று சொல்ல மாட்டார்களா?

பழைய கந்தோர்
சனி, காலை 6.10

சொல்லிப் பார்ப்பார்கள். ஆனால் நியமனக் கடிதம் கொடுப்பது அவர்களின் கடமை, 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் இருக்கிறது. தான் கொடுக்காத கடிதத்தைக் காட்டி ஒரு முதலாளி தப்பிக்க முடியாது. வங்கியில் மாதா மாதம் விழுந்த சம்பளம், சேமலாப நிதிக் கணக்கு, சம்பளச் சிட்டை, அலுவலக மின்னஞ்சல், விரல் வைக்கும் இயந்திரத்தின் பதிவு, இவை எல்லாம் சாட்சி. ஆறு வருஷம் சேமலாப நிதி கட்டிவிட்டு ஊழியன் இல்லை என்று யாரும் சொல்ல இயலாது.

எச்ஆர் பக்கம்
சனி, காலை 8.25

நான் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். சொல்ல வெட்கம்தான், ஆனால் இந்த வெள்ளி பின்னேர நாடகத்தை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமையை ஏன் தேர்ந்தெடுப்பார்கள் என்றால், தொழில் கந்தோர் இரண்டு நாள் பூட்டு. விஷயம் தெரிந்த ஒருவரை உடனே பிடிக்க முடியாது. சனி ஞாயிறில் வீட்டுக்காரர் பயந்து, திங்கள் ஆள் பாதி சம்மதத்தோடு வருவார். தேதியைக் காலியாக விடுவதும் பழக்கமானதுதான், வேண்டிய தேதியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். "உங்கள் பெயர் கெடாமல்" என்பது நான் கேட்ட எல்லாக் கூட்டத்திலும் வந்த வசனம். அதைக் கேட்டவுடன் ஆளுக்கு ஏதோ பிழை செய்துவிட்டோமோ என்று தோன்றும். ஒரு பிழையும் இருந்திருக்காது.

தம்பி இந்த இரண்டு நாளில் செய்ய வேண்டியது: தன் சம்பளச் சிட்டைகளையும் வருஷா வருஷம் சம்பளம் கூட்டின கடிதங்களையும் நல்ல வேலை என்று யாராவது அனுப்பின மின்னஞ்சல்களையும் தேடி ஒரு இடத்தில் வைக்கட்டும். தன்னுடையதை மட்டும். வாடிக்கையாளர் கோப்பு, விலைப்பட்டியல் ஒன்றிலும் கை வைக்க வேண்டாம், அதைப் பிடித்து ஒழுக்காற்றுக் காரணமாக்கி விடுவார்கள்.

பிறகு ஞாயிறு இரவு ஒரு மின்னஞ்சல். நீளமாக வேண்டாம், கோபமும் வேண்டாம். "வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு நடந்த கூட்டத்தில் என்னை ராஜினாமாச் செய்யச் சொன்னீர்கள். எனக்கு ராஜினாமாச் செய்யும் எண்ணம் இல்லை. வழமை போல் வேலைக்கு வர ஆயத்தமாக இருக்கிறேன்." இவ்வளவுதான். தன் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி. வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பதற்கு முதன்முதலாக எழுத்தில் ஒரு பதிவு வந்துவிடும். இதுவரைக்கும் அது மூடிய அறைக்குள் நடந்த கதை மட்டும்.

திங்கள் வழமையான நேரத்துக்குப் போகட்டும். லீவு போட வேண்டாம். வராமல் விட்டால் "வேலையைக் கைவிட்டுப் போனார்" என்று கடிதம் தயாராகும்.

பதுளை ரோட்
சனி, காலை 10.02

அக்கா, உங்கள் தம்பி குடுத்து வைத்தவர். ஆங்கிலக் கடிதம் என்றாலும் வாசித்து விளங்கிக்கொண்டார்.

நான் தோட்டத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்து புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏழு வருஷம். படுக்கை கடைக்கு மேல்மாடியில், சாப்பாடு கடையில். ஒரு நாள் சிங்களத்தில் அடித்த தாளைத் தந்து, சம்பளம் வாங்கினதுக்குக் கையெழுத்து வை என்றார்கள். எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. வைத்தேன். அடுத்த மாதம் போகச் சொன்னார்கள். நான் போய்க் கேட்டபோது அந்தத் தாளைத்தான் காட்டினார்கள். சம்பளச் சிட்டை இல்லை அது. நானே விலகுவதாகவும் எல்லாக் கணக்கும் தீர்ந்ததாகவும் எழுதியிருந்ததாம். பக்கத்துக் கடைப் பையன் வாசித்துச் சொன்னான்.

அப்போது எங்கே போவதென்று தெரியாது. இரவு பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டேன். இப்போது வேறு இடத்தில் நல்லாக இருக்கிறேன், அது வேறு கதை.

பழைய கந்தோர்
சனி, காலை 11.20

பதுளைத் தம்பி, உங்களைப் போல் எத்தனை பேரைக் கண்டிருக்கிறேன். கையெழுத்து வைத்த பிறகு வந்தால் எங்கள் கையும் பாதி கட்டப்பட்டதுதான். முதலாளி நிறுத்தினார் என்று தெளிவாக இருந்தால், அது நியாயம் என்று காட்ட வேண்டிய பாரம் அவர் தலையில். அவர் "நான் நிறுத்தவில்லை, அவனே போனான்" என்று தாளைக் காட்டினால், இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் தொழிலாளி தலைக்கு மாறிவிடும். வற்புறுத்தி வாங்கின ராஜினாமாவை வேலைநீக்கமாக எடுத்த தீர்ப்புகள் இருக்கின்றன. ஆனால் அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள், யார் சாட்சி சொல்வார்?

மொழி பற்றி ஒன்று. தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கலாம். தமிழ் அரசகரும மொழி, தமிழில் எழுதினால் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. நடைமுறையில் மொழிபெயர்ப்புக்கு என்று கோப்பு கொஞ்ச நாள் மேசையில் கிடக்கும், பொய் சொல்ல மாட்டேன். அப்படியிருந்தும் தெரியாத மொழியில் யாரோ எழுதித் தந்ததில் கையெழுத்து வைப்பதைவிடத் தெரிந்த மொழியில் நாலு வரி எழுதுவது மேல்.

சின்னக்கடை முதலாளி
சனி, பிற்பகல் 1.40

பதுளைத் தம்பிக்கு நடந்தது அநியாயம். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை.

ஆனால் ஐயா, நீங்கள் சொன்ன சூத்திரத்தையே பாருங்கள். ஆறு வருஷத்துக்குப் பதினாலரை மாதம். எந்தச் சின்ன முதலாளி தாங்குவான்? இதற்குப் பயந்துதான் ஆட்களை எடுக்கிறார்கள் இல்லை. என் கடையில் 11 பேர். பதினைந்து தொட்டால் இரண்டு சட்டம் தலையில் விழும் என்று எனக்குக் கணக்குப் பார்ப்பவர் சொல்லியிருக்கிறார், அதனால் பதினாலில் நிற்பாட்டுவேன். பெரிய இடங்களில் பதினொரு மாத ஒப்பந்தம், பிறகு ஒரு மாத இடைவெளி, பிறகு இன்னொரு பதினொரு மாதம். சட்டம் இறுக்கினால் ஆட்கள் வேறு வழி தேடுவார்கள்.

141 பஸ்
சனி, பிற்பகல் 2.05

முதலாளி அண்ணா, பதினொரு மாத விளையாட்டை, வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபை கண்ணை மூடிக்கொண்டு ஏற்காது. தொடர்ந்து ஒரே வேலையைச் செய்துவந்தால் ஒப்பந்தத் தாளைத் தாண்டியும் பார்ப்பார்கள். நான் ஒரு தொழிற்சங்கத்தில் கிளைச் செயலாளராக இருந்தவன், கண்டிருக்கிறேன்.

பதினைந்துக்குக் கீழே என்றால் ஒன்றும் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். உங்கள் 11 பேரில் ஒருவரை அநியாயமாக நிறுத்தினாலும் அவர் தொழில் நியாயசபைக்குப் போகலாம். 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் ஆள்கணக்கு எல்லை இல்லை. ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அதுதான் முக்கியம். சட்டத்தரணி இல்லாமல் தானே பேசலாம், சங்கம் அவருக்காகப் பேசலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நீதியும் நியாயமும் எதுவோ அந்தக் கட்டளையைப் போட நியாயசபைக்கு அதிகாரம் இருக்கிறது. திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லலாம், அதற்குப் பதிலாக நட்டஈடும் சொல்லலாம்.

சேமலாப நிதிக்கும் ஆள்கணக்கு இல்லை. ஒரே ஒரு ஆள் என்றாலும், முதல் நாளிலிருந்து, புரொபேஷனிலும் கட்ட வேண்டும். உங்கள் 11 பேருக்கும் கட்டுகிறீர்களா அண்ணா?

சின்னக்கடை முதலாளி
சனி, பிற்பகல் 2.31

ஒன்பது பேருக்குக் கட்டுகிறேன். இரண்டு பேர் தாங்களே வேண்டாம் என்றார்கள், கையில் காசு கூட வரட்டும் என்று.

பழைய கந்தோர்
சனி, பிற்பகல் 4.15

அவர்கள் வேண்டாம் என்று சொல்ல முடியாது முதலாளி. 1958ஆம் ஆண்டின் சட்டம் ஊழியருக்கு அந்தத் தெரிவைக் கொடுக்கவில்லை. ஊழியர் 8 சதவீதம், நீங்கள் 12 சதவீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ஈடிஎஃப்) நீங்கள் 3 சதவீதம். அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம். நாளைக்கு அந்த இருவரில் ஒருவர் கோபித்துக்கொண்டு நாரஹேன்பிட்டவில் உள்ள தொழில் திணைக்களத்துக்கு வந்தால், நீங்கள் வெட்டாமல் விட்ட அவரது 8 சதவீதத்தையும் சேர்த்து உங்கள் தலையில்தான் போடுவார்கள். சொல்லிவிட்டேன், பிறகு உங்கள் பாடு.

அக்காவின் தம்பிக்கும் இது பொருந்தும். மாதா மாதம் எல்லோருக்கும் ஒரே அளவில், பில் இல்லாமல் கொடுக்கும் அலவன்ஸ் உண்மையில் சம்பளத்தின் ஒரு துண்டு. சேமலாப நிதியில் 'உழைப்பூதியம்' என்பது பேசிக் மட்டும் அல்ல. வாழ்க்கைச் செலவுப் படி, சாப்பாட்டுப் படி, கொமிஷன் எல்லாம் சேரும். ஓவர்டைம் சேராது. அந்த 35,000க்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று சம்பளச் சிட்டையில் பாருங்கள். அதற்கும் கட்ட வேண்டும் என்று வந்தால் முதலாளி பங்கு மட்டும் மாதம் 4,200 குறைகிறது. நியாயசபைக்குப் போல ஆறு மாத அவசரம் இதற்கு இல்லை, ஆறுதலாகக் கேட்கலாம்.

செட்டித்தெரு
சனி, இரவு 8.50

நான் நகைக்கடையில் ஒன்பது வருஷம். சேமலாப நிதி இல்லை, கடிதம் இல்லை, சம்பளம் கையில் கடித உறையில். முதலாளி நல்லவர், கல்யாணத்துக்குத் தங்கச் சங்கிலி போட்டார். அவர் மேல் எப்படி முறைப்பாடு கொடுப்பது? ஆனால் இப்போது மகன் பொறுப்பெடுத்திருக்கிறார், ஆட்களைக் குறைக்கப் போகிறார் என்று கதை.

141 பஸ்
சனி, இரவு 9.10

தம்பி, சங்கிலியையும் சேமலாப நிதியையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். முறைப்பாட்டாளர் பெயரை வெளியில் விடாமல் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கேட்கலாம். அலுவலர் வந்தால் கடையில் உள்ள எல்லோருடைய பதிவையும் பார்ப்பார், நீங்கள்தான் சொன்னது என்று ஆகாது. அதற்கு முன் ஒரு வேலை: கடித உறைகள் இருந்தால் எறிய வேண்டாம். சம்பளத் தொகையும் தேதியும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள், இன்றைக்கே. சக ஊழியர்களோடு கடையில் நிற்கும் பழைய படங்களும் உதவும்.

உங்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, ஆனால் தேசியக் குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 30,000. அதற்குக் கீழே என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளை அம்மா
ஞாயிறு, காலை 7.30

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு மூன்றாவது பிள்ளை வரப்போகிறது. மூன்றாவதுக்கு 42 நாள்தான் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். உண்மையா?

எச்ஆர் பக்கம்
ஞாயிறு, காலை 7.55

பழைய கதை அக்கா. 2018இல் மாற்றிவிட்டார்கள். எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள், அதில் வார விடுமுறையும் போயாவும் கணக்கில் வராது. திரும்பி வந்த பிறகு பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பாலூட்டும் நேரமும் உண்டு. கர்ப்பம் என்ற காரணத்துக்காக நிறுத்தவே முடியாது. சட்டம் மாறினது எச்ஆருக்குத் தெரியாமலா இருக்கும்? சொல்லிப் பார்க்கிறார்கள், கேட்காமல் விட்டால் 42 நாள் மிச்சம் அவர்களுக்கு.

தெகிவளை மோட்டார்சைக்கிள்
ஞாயிறு, காலை 11.12

நான் செயலியில் சாப்பாடு டெலிவரி ஓடுகிறேன். மேலே எழுதியிருப்பதில் எனக்கு ஏதாவது இருக்கிறதா, இல்லை வாசித்துப் பெருமூச்சு விடுவது மட்டும்தானா?

141 பஸ்
ஞாயிறு, பகல் 12.01

இப்போதைக்குப் பெருமூச்சுதான் தம்பி. உங்களைச் சுயதொழில் செய்பவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தனி இழை ஒன்று தொடங்குங்கள், நானும் வருகிறேன். அது பெரிய சண்டை.

36ஆம் ஒழுங்கை அக்கா
ஞாயிறு, இரவு 10.20

மின்னஞ்சல் போய்விட்டது. தம்பி நாலு தரம் எழுதி எழுதி அழித்தான். முதல் தரம் எழுதியதில் "ஆறு வருஷம் நாயாய் உழைத்தேன்" என்று இருந்தது, அதை எடுக்கச் சொன்னேன். கடைசியில் எச்ஆர் பக்கம் சொன்ன மூன்று வரி மட்டும்.

அம்மா என்னோடு கதைக்கிறா இல்லை.

36ஆம் ஒழுங்கை அக்கா
திங்கள், இரவு 8.45

இன்று நடந்தது. காலை எட்டு ஐம்பதுக்குப் போய் விரல் வைத்திருக்கிறான். இயந்திரம் எடுத்தது. கணினியும் திறந்தது. பத்தரைக்கு எச்ஆர் கூப்பிட்டார்களாம். வெள்ளிக்கிழமை இருந்த இருவரோடு மூன்றாவதாக ஒருவர், கம்பெனியின் சட்ட ஆலோசகர் என்று சொன்னாராம். குரல் முழுக்க மாறிவிட்டது. யாரும் உங்களை வற்புறுத்தவில்லை, அது ஒரு யோசனை மட்டும், ஏன் மின்னஞ்சல் எல்லாம் என்று கேட்டார்களாம். பிறகு, நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்களாம்.

தம்பி, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான். அதே வசனம்தான், ஆனால் இந்தத் தரம் கை நடுங்கவில்லையாம்.

சின்னக்கடை முதலாளி
திங்கள், இரவு 9.30

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நல்லது.

(சேமலாப நிதியில் சேர்க்க அந்த இரண்டு பேரின் அடையாள அட்டைப் பிரதியை இன்று வாங்கினேன் ஐயா. திட்டாமல் இருங்கள்.)

பழைய கந்தோர்
செவ்வாய், காலை 6.05

திட்டவில்லை முதலாளி, சந்தோஷம்.

பிள்ளை, இப்போதுதான் கவனம் தேவை. பேசித் தீர்க்கிறது தப்பே இல்லை. சட்டமே எழுத்துமூலச் சம்மதத்துக்கு இடம் வைத்திருக்கிறது. தம்பிக்குப் போக விருப்பம் என்றால், தொகை நியாயம் என்றால், போகலாம். ஆனால் தாளில் ராஜினாமா என்ற சொல் இருக்கக் கூடாது. நிறுவனத்தின் வேண்டுகோளின் பேரில் சம்மதித்து விலகுவதாக இருக்கட்டும். நட்டஈடு ஒரு வரியில், பணிக்கொடை இன்னொரு வரியில், எடுக்காத லீவுக்குரிய காசு, சேமலாப நிதி நிலுவை, எல்லாம் தனித்தனியாக. "எல்லாம் சேர்த்து" என்ற சொல்லை மட்டும் விட வேண்டாம். பணிக்கொடை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் 10 சதவீதத்தில் தொடங்கி 30 சதவீதம் வரை மேலதிகம் ஏறும், அதையும் தம்பி நினைவில் வைத்திருக்கட்டும். முடிந்தால் கையெழுத்தைத் தொழில் அலுவலர் முன்னிலையில் வைக்கக் கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு தரம் நாரஹேன்பிட்டவுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி வைப்பது நல்லது. வெள்ளவத்தையிலிருந்து 141இல் ஏறினால் நேரே போகலாம். சட்டத்தரணி வேண்டுமென்றால், வசதி குறைந்தவர்களுக்குப் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தம்பியின் சம்பளத்துக்கு அங்கே எடுப்பார்களோ என்னவோ, கேட்டுப் பார்க்கலாம்.

141 பஸ்
செவ்வாய், காலை 7.15

என் பெயரைச் சொன்னதுக்கு நன்றி ஐயா.

36ஆம் ஒழுங்கை அக்கா
வியாழன், இரவு 9.05

நேற்று அரைநாள் லீவு எடுத்துப் போய் வந்தோம், அம்மாவும் வந்தா. ஏன் வந்தா என்று கேட்காதீர்கள், காலையில் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றா. அங்கே ஒரு பெண் அலுவலர் தமிழிலேயே கதைத்தார். சம்பளச் சிட்டையைப் பார்த்து அந்த 35,000க்கு நேரே பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

இன்று கம்பெனி ஆறு மாதச் சம்பளம் என்று வந்திருக்கிறது, பணிக்கொடை தனியாக. தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. அம்மா, "ஐயா சொன்ன பதினாலரை எங்கே?" என்று கேட்கிறா.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாலரை மணிக்கு யாராவது கூப்பிட்டால் பையை அறைக்கு வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.